மூன்றாம் வரிசை

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
1989 மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முழங்காலும் காதும் எப்படி இருக்கின்றன? காது மட்டும் கேட்டிருந்தால் இந்நேரம் ஃபோனிலேயே உன்னைத் திட்டி முடித்திருப்பேன். நாற்பது வருஷம் துப்பாக்கிச் சத்தத்தில் காதைத் தொலைத்துவிட்டு, தங்கையின் வசவிலிருந்து தப்பித்துக்கொண்டாய்.

என் ஹார்லனின் அடக்கத்துக்கு அந்தப் பனியில் வயோமிங்கிலிருந்து வண்டியோட்டி வந்தாய். அதற்கு நன்றி. ஆனால் சர்ச்சில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது உன்னைக் காணவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த தட்டை, பரிமாறிக்கொண்டிருந்த லோயிஸ் அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். ஒரு கப் காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

டாரல் வரவில்லை. பூ அனுப்பியிருந்தான். பெற்ற அப்பனுக்கு யாரோ போலப் பூ அனுப்பியிருந்தான். கண் போன அன்று ஆஸ்பத்திரியில், "உங்க கை நிரப்பின தோட்டாதான் என் கண்ணை எடுத்துது" என்று அவரிடம் சொன்னவன், அதன்பின் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத் தெரியாததா, நீயும் அங்கேதான் நின்றாய்.

நான் எழுதுவது வேறு விஷயமாக. கீழறையில் அவருடைய பெஞ்சுக்கு மேலே, பிஸ்டலுக்கு அவர் நிரப்பி வைத்த தோட்டா இருபத்திரண்டு பெட்டி இருக்கிறது. எல்லாம் விபத்துக்கு முன்னால் நிரப்பியது. அதன்பின் அவர் அந்தப் பெஞ்சில் உட்காரவே இல்லை. துப்பாக்கிக் கிளப்பிலிருந்து மில்ட் வந்தார். பிஸ்டலைப் பார்த்தார், தோட்டா நிரப்பும் பிரஸ்ஸைப் பார்த்தார், வெற்றுத் தோட்டாக் கூடுகளைக்கூட ஆசையாகத் தடவிப் பார்த்தார். தோட்டாப் பெட்டியை மட்டும் தொடவில்லை. "இதை நீங்க யாருக்கும் குடுக்காதீங்க வெர்னா, அடுத்தவங்க நிரப்பினதை நாங்க சுடுறதில்லை" என்றார். நல்ல மனுஷர், விபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நீ வந்து எடுத்துக்கொண்டு போகிறாயா? வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றாவது எழுது.

உன் தங்கை,
வெர்னா


ஷெரிடன், வயோமிங்
1989 மார்ச் 30

அன்புள்ள வெர்னா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. காது பழையபடிதான். நீ குளிரில் வெளியே போகும்போது காலில் நல்ல ஷூ போட்டுக்கொள். போன வருஷம் வழுக்கி விழுந்ததை நான் மறக்கவில்லை.

நான் வர முடியாது. முழங்கால் அத்தனை தூரம் தாங்காது.

மில்ட் சொன்னது சரி. நிரப்பியவன் கைக்குத்தான் அந்தத் தோட்டா. அவனே இல்லாதபோது அதைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நீயே செய்யலாம். பெஞ்சின் இடது இழுப்பறையில் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்கும், தலை உள்ளே குழிவாக இருக்கும். தோட்டாவை அதில் தலைகீழாக மாட்டி மரக்கட்டைமேல் இரண்டு மூன்று தட்டு தட்டு. குண்டு கழன்று வெடிமருந்தோடு உள்ளே விழும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் பெஞ்சின்மேல் இருக்க வேண்டும். அடுப்பு எரியும் அறையில் செய்யாதே.

விழுந்த மருந்தைப் பத்திரப்படுத்தி வைக்காதே. எது என்று உறுதியாகத் தெரியாத மருந்தை எவனும் திரும்ப நிரப்பக்கூடாது. உன் ரோஜாச் செடிகளுக்குத் தூவிவிடு, உரம்தான். பித்தளைக் கூடுகளை எறிய வேண்டாம். வாயில் விரிசல் விட்டதையும், அடிப்பக்கம் புடைத்ததையும் குறடால் நசுக்கிப் போடு. மற்றவற்றை மில்ட் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் உயிரோடுதான் இருக்கும், அதனால் கூடுகளை நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

எதை எழுதுவது என்று தெரியாததால் இதோடு நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆரின்


மைல்ஸ் சிட்டி
1989 ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணா,

முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறாய்? டாக்டரிடம் போனாயா, அல்லது ரயில்வேயில் முப்பது வருஷம் செய்தது போல வலியோடு வாதம் செய்துகொண்டிருக்கிறாயா?

வேலையை ஆரம்பித்துவிட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு பெட்டி. ஹார்லனின் கண்ணாடி எனக்குப் பெரிது, மூக்கிலிருந்து வழுக்குகிறது, ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறேன். முதல் நாள் தட்டத் தயங்கினேன். இப்போது என்னைப் பார்த்தால் நீ பயப்படுவாய், இறைச்சி தட்டுகிற வேகத்தில் தட்டுகிறேன்.

நீ சொல்லாததையும் ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் விழும் மருந்தை அவருடைய சின்னத் தராசில் போட்டுப் பார்க்கிறேன். இதுவரை பதினான்கு பெட்டி. எழுநூறு தோட்டா. முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது அண்ணா. எழுநூறில் ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. காபியில் சர்க்கரை போடுவதையே அளந்து போட்ட மனுஷர். நேற்று தராசைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு சுத்தமாகச் செய்தவருக்கு அது எப்படி நடந்தது? டாரலின் பிஸ்டல் வெடித்தது இரண்டு மடங்கு மருந்தால் என்றார்களே, ஒரு கூட்டில் அது எப்படிப் போகும்? எனக்குத் தெரிந்தவர்களில் இதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். புரியும்படி எழுது.

இன்னொன்று. கடைசியில் ஒரு பெட்டி தனியாக இருக்கிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே 1987 ஏப்ரல் 11 என்று அவர் கையெழுத்தில் தேதி. டாரல் அன்று சுட்ட பெட்டியின் மீதிதான் என்று நினைக்கிறேன். அதைப் பிரிக்கலாமா?

வெர்னா


ஷெரிடன்
1989 மே 20

அன்புள்ள வெர்னா,

பதில் தாமதமாகிவிட்டது. ஆலங்கட்டி மழையில் கூரை ஓட்டையாகி, அதைச் சரிசெய்து கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அவர் என்னைவிடக் குண்டு. நீ எப்படி இருக்கிறாய்?

நீ கேட்டதை எழுதுகிறேன். ஐம்பது துளை உள்ள மரப்பலகையில் கூடுகளை வாய் மேலே பார்க்க நிறுத்துவோம், பத்துப் பத்தாக ஐந்து வரிசை. ஒவ்வொன்றிலும் மருந்தை ஊற்றிக்கொண்டு போக வேண்டும். நம்முடைய பிஸ்டல் கூடு உயரமானது, அதற்குப் போடும் மருந்தோ அடியில் கொஞ்சம்தான். இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஊற்றிய கூடும் ஊற்றாத கூடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எல்லாம் ஊற்றியதும், குண்டை வைப்பதற்கு முன்னால், மேலிருந்து விளக்கடித்து ஐம்பதையும் பார்க்க வேண்டும். எதிலாவது மருந்து மேலே ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரியும்.

பாதியில் ஃபோன் அடித்தாலோ, யாராவது வந்தாலோ, பலகையில் உள்ள மருந்து முழுவதையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே விட்டோம் என்று ஞாபகத்தை நம்பக்கூடாது. எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். முப்பது வருஷம் ஒழுங்காகச் செய்தவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது மூன்று நிமிஷ வேலைதானே என்று நினைத்துவிடுவான். அவனைப் பார்த்தால் உனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அவனும் எல்லோரையும் போலச் சாப்பிடுவான், சிரிப்பான், சாயங்காலம் வரை அவனுக்கே தெரியாது. அப்படித்தான் நடக்கும்.

அந்த டேப் ஒட்டிய பெட்டியைத் திறக்காதே. தப்பான தோட்டாவைத் தட்டுவது ஆபத்து. அப்படியே மில்டிடம் கொடுத்துக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்.

ஆரின்


மைல்ஸ் சிட்டி
1989 மே 28

அன்புள்ள அண்ணா,

கூரை சரியாகிவிட்டதா? எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், பயப்படும்படி இல்லை.

விபத்தைப் பற்றி நாலு வரிகூட எழுதாதவன் நீ. இந்த முறை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். தப்பான தோட்டாவைத் தட்டுவது ஆபத்து என்கிறாய். மில்டிடம் கேட்டேன். "தட்டுறதுக்கு எல்லாத் தோட்டாவும் ஒண்ணுதான் வெர்னா, மருந்து கூடக்குறைய இருந்தா தட்டும்போது ஒண்ணும் ஆகாது, சுடும்போதுதான்" என்கிறார். யார் சொல்வதை நான் நம்புவது?

போன வாரம் பஸ் பிடித்து பில்லிங்ஸ் போய் டாரலைப் பார்த்தேன். கண்ணாடிக் கண் நன்றாகத்தான் பொருந்தியிருக்கிறது, தெரியாதவர்களுக்குத் தெரியாது. பெரிய லாரி ஓட்டுகிற லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். உதிரிபாகக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறான். அலாஸ்கா வரை லாரி ஓட்டியவன். அப்பா கல்லறைக்கு ஒரு தடவை வா என்று மெதுவாகச் சொன்னேன். "அவர் பேச்சை எடுக்கறதா இருந்தா இனிமே வராதீங்கம்மா" என்றான். வேறு ஒருவர் நிரப்பியதாக இருந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டானாம். அப்பன் நிரப்பியது என்பதால் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினானாம். அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

எனக்கு இருப்பது ஒரே மகன். ஹார்லன் போய்விட்டார், அவரை இனிச் சமாதானப்படுத்த முடியாது. இவன் தன் அப்பனை வெறுத்துக்கொண்டே கிழவனாகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கிற கவலை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கிளப் போட்டிக்கு வருஷா வருஷம் வருகிறவன், விபத்துக்குப் பிறகு அவர் இருந்தவரை ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? போன வருஷம் ஏப்ரலில், போட்டிக்குப் போகாவிட்டாலும், ஹார்லன் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், சும்மா என்றார். என்னோடு பேசாததையெல்லாம் அவர் உன்னோடுதான் அந்தக் கீழறையில் பேசுவார். நீ வராததால் கடைசி வரை யாரோடும் பேசாமல் போய்விட்டார்.

ஜூலை நாலாம் தேதிக்கு வா. இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெட்டியைப் பிரிப்போம்.

வெர்னா


ஷெரிடன்
1989 ஜூன் 25

அன்புள்ள வெர்னா,

நலம். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறை. இங்கே மூன்று வாரமாக மழை இல்லை, புல்லெல்லாம் காய்ந்துவிட்டது. ஜூலையில் வரத் தோதுப்படாது.

ஆரின்


மைல்ஸ் சிட்டி
1989 ஜூலை 9

அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன்.

நாலாம் தேதி தெருவெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்க, நான் கீழறைக்குப் போய் அந்த டேப்பைக் கிழித்தேன். பெட்டியில் இருபத்தொன்பது தோட்டா இருந்தது. ஐம்பதில் டாரல் இருபதைச் சுட்டுவிட்டான், இருபத்தொன்றாவது அவன் கையில் வெடித்தது. பலகையில் இருந்த வரிசைப்படியேதான் ஹார்லன் பெட்டியில் அடுக்குவார், அது உனக்கும் தெரியும்.

ஒவ்வொன்றாகத் தட்டி எடை போட்டேன். கடைசி இருபதும் சரியாக இருந்தன, நாலாம் வரிசையும் ஐந்தாம் வரிசையும். மூன்றாம் வரிசையில் மிச்சமிருந்த ஒன்பதிலும் இரண்டு மடங்கு மருந்து. ஒன்பதிலும் அண்ணா. நம்ப முடியாமல் ஒவ்வொன்றையும் மறுபடி தராசில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கூட்டில் இரண்டு தடவை ஊற்றினால் கை தவறிவிட்டது எனலாம். வரிசை முழுவதும் இரண்டு தடவை ஊற்றியிருந்தால், அது ஒரு வரிசையை முடித்துவிட்டுப் போனவரும், அது முடிந்தது தெரியாமல் தொடர்ந்தவரும் செய்தது. அவ்வளவு எனக்குப் புரிகிறது. உன் கடிதத்தைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

போட்டி அன்று காலை பத்தேகால் மணிக்கு நான் கீழறைப் படியில் நின்று காபி ரெடி என்று உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஹார்லன் மேலே வந்தார். டாரலும் அப்போதுதான் பில்லிங்ஸிலிருந்து வந்து இறங்கினான். மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நீ வரவில்லை. உன் காபி ஆறிவிடுமே என்று கீழே கொண்டுவந்து கொடுத்தேன்.

நீ எழுதும்வரை நான் எழுத மாட்டேன்.

வெர்னா


ஷெரிடன்
1989 செப்டம்பர் 24

வெர்னா,

இரண்டரை மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கிழிக்காமல் தபாலில் போட்டுவிடுவேன்.

ஹார்லன் மூன்று வரிசை ஊற்றிவிட்டு மேலே போனான். நான் அப்போது ஜன்னல் பக்கம் நின்று பழைய கூடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு வரிசைதான் முடித்திருக்கிறான் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவான், போட்டிக்கும் நேரத்தோடு கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றிலிருந்து ஐந்து வரை நான் ஊற்றினேன். விளக்கு பெஞ்சின் மேலேயே இருந்தது. எடுக்கவில்லை. நேராகக் குண்டு வைக்க ஆரம்பித்துவிட்டேன். நீ காபியோடு வந்தபோது முதல் வரிசைக்குக் குண்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஹார்லன் வந்து பார்த்து, "பரவாயில்லையே, ரயில்வே ஆளு வேகமாத்தான் வேலை பாக்கறான்" என்று தோளில் தட்டினான். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டாரல் போட்டியில் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். துப்பாக்கி வெடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. அவன் கண்ணாடி போட்டிருந்தான், ஆனாலும் பித்தளைத் துணுக்கு பக்கவாட்டில் புகுந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது வெர்னா. அவன் கீழே விழுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹார்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயோ கை தப்பிடுச்சு ஆரின், என் கைதான் தப்பிடுச்சு" என்றான். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் வந்துவிட்டார். டாக்டர் போனபின் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். டாரல் அவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் தள்ளிப்போனது, பிறகு ஒரு மாதம், பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வரவில்லை. ஜனவரியில் அவனைச் சவப்பெட்டிக்குள் பார்த்தேன். அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவேன்?

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

ஆரின்


மைல்ஸ் சிட்டி
1989 அக்டோபர் 1

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அதற்காக நீ சாக வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

எனக்கு ஜூலையிலேயே தெரியும். பெட்டியைப் பிரித்த கையோடு ஹார்லனின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தனை தோட்டா, என்ன மருந்து, கூட்டை நிரப்புவது எத்தனையாவது தடவை என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைப்பாரே, அந்த நோட்டு. ஏப்ரல் 11-க்குக் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மூன்றாம் வரிசை நான் ஊற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது ஆரின் குண்டு வைத்துக்கொண்டிருந்தான். எங்கிருந்து ஊற்றினான் என்று கேட்கவில்லை. விளக்கடித்துப் பார்க்கவில்லை. என் பெஞ்ச். என் பொறுப்பு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னபோது தெரிந்திருந்ததா, பிறகு யோசித்து எழுதினாரா, எனக்குத் தெரியாது. நீயாக வந்து சொல்வாய் என்று ஜன்னலில் உட்கார்ந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நீ சொல்லியிருந்தால், "பெஞ்ச் என்னோடதுடா, விடு" என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்லக்கூட அவருக்கு நீ ஒரு வாய்ப்புக் கொடுக்கவில்லை. உன் கையிலிருந்தே வரட்டும் என்று நானும் காத்திருந்தேன். அவரைவிட எனக்கு அதிர்ஷ்டம்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. மருந்து ஊற்றியதற்காக இல்லை. என் புருஷனும் என் மகனும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததை நீ ஷெரிடனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்காக.

நோட்டை நான் டாரலிடம் காட்ட மாட்டேன். காட்டினால், அம்மா அப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்பான். நீ எழுது. எனக்கு எழுதியதை அப்படியே, உன் கையால் அவனுக்கு எழுது. அதன்பின் நாம் பேசலாம்.

வெர்னா


பில்லிங்ஸ், மொன்டானா
1989 நவம்பர் 5

அன்புள்ள மாமா,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் அக்டோபர் 14-ஆம் தேதி வந்தது. கடையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், உங்கள்மேல் கோபப்பட முயன்றுகொண்டிருந்தேன். வந்தது. பிறகு போய்விட்டது. மறுபடி வரலாம், வந்தால் எழுதுகிறேன். இப்போதைக்கு வேறு விஷயம்.

விபத்துக்குப் பிறகு அப்பா மாதம் ஒரு தடவை இங்கே வருவார். அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வர மாட்டார், நான்தான் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நான் திரையை விலக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் நான் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். அவர் பயந்துபோய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அவர் வண்டியிலிருந்து இறங்கினார். அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதை நீங்கள் செய்யவில்லை மாமா, நான்தான் செய்தேன்.

போன ஞாயிறு அம்மாவோடு கல்லறைக்குப் போனேன். அப்பா இந்த இரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி என்ன பேசினார் என்று அவளிடம் கேட்டேன். "உன் பேரை எடுத்தா அவர் எழுந்து வெளிய போயிடுவாருடா" என்றாள். அவர் மனசில் இருப்பதை உங்களிடம்தான் சொல்வார் என்றாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் பிறகு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், இருந்தாலும் எப்போதாவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள். எனக்கு அவருடைய ஒரு வார்த்தை வேண்டும்.

டாரல்


ஷெரிடன்
1989 நவம்பர் 12

அன்புள்ள டாரல்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் நலம். நல்ல கண்ணுக்கு வருஷம் ஒரு தடவை டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

நீ கேட்டதற்கு ஏதாவது எழுத வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அவன் இப்படிச் சொன்னான், அப்படிச் சொன்னான் என்று நல்ல வார்த்தையாக நாலு எழுதிவிடலாம், நீயும் நம்புவாய். எழுதக்கூட ஆரம்பித்தேன். உன் விஷயத்தில் இன்னொரு தடவை உண்மையை மறைக்க முடியவில்லை.

எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு உன் அப்பனை நான் உயிரோடு பார்க்கவில்லை. அவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். என்னிடம் சொல்லியிருப்பான். போயிருந்தால் கேட்டுவந்து உன்னிடம் சொல்லியிருப்பேன். இங்கிருந்து மூன்று மணி நேர ஓட்டம்தான்.

நான் போகவில்லை.

உன் மாமா,
ஆரின்